அண்ணன் அடைக்கவிடாத குழி

பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா இறந்தபின் அவருடைய மோட்டார் சைக்கிளை ரேஸ் வண்டிபோல மாற்ற ஆசைப்பட்டேன். கரமனையில் ஒரு பெயிண்டரிடம் விட்டு, பெட்ரோல் டாங்கின் ஒரு பக்கம் நசுங்கி இருந்த குழியையும் அடைக்கச் சொன்னேன்.

மூன்றாம் நாள் வண்டி எடுக்கப் போகையில், பஸ்ஸின் முன்சீட்டில் முட்டி இடித்தது. அப்போதுதான் உறைத்தது. அண்ணன் எனக்கு ஓட்டக் கற்றுத்தந்த அன்று நான் விழுந்து, என் முட்டி பட்டு விழுந்த குழி அது. அதை அடைக்க அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

பதறி ஓடினேன். டாங்க் சிவப்பாகப் பளபளத்தது. குழி அப்படியே இருந்தது.

“அடைக்கல்ல அண்ணாச்சி. நீங்க ஓட்டிட்டு வரும்போதே பாத்தேன், முட்டி கரெக்டா அதுல இருக்கு. ரேஸ் வண்டி டாங்குல முட்டி பதிய அப்படித்தான் குழி வேணும், கேட்டோ. மத்தப் பக்கமும் ஒண்ணு அடிக்கட்டா?” என்றார் பெயிண்டர்.

“ஒண்ணு போதும்ப்பா.”

திரும்பும் வழியில் ஆற்றோரம் வண்டியை நிறுத்தி, முட்டியைக் குழியில் வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.