வலசையும் என் பருவப் பெயர்ச்சியும்

யுத்தம் முடிந்த மறு வருஷம் மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தின் மாடியில் எனக்கு வேலை. பள்ளிக்கூடப் புத்தகங்களுக்காக விலங்கியல் சொற்பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் நாங்கள் யோசித்த தமிழ்ச் சொல். நாங்கள் என்றால் நானும், என்னோடு ஒரே வகுப்பில் விலங்கியல் படித்த சாந்தோம் பெண்ணும்.

அவளிடம் எனக்குப் பிடிக்காதவற்றை எண்ணி வைத்திருந்தேன். தாமதமாக வருவாள். சீட்டுகளை அகர வரிசையில் அடுக்கமாட்டாள். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அப்படியிருந்தும் நல்ல சொல் அவளுக்குத்தான் அகப்படும். உண்மையில் இந்தக் கடைசி ஒன்றுதான் காரணம். மற்றவை பட்டியலை நீட்ட.

பறவைகள் பருவந்தோறும் இடம் மாறிப் போய்த் திரும்புவதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. நான் மூன்று நாள் யோசித்து ‘பருவப் பெயர்ச்சி’ என்று எழுதினேன். அவள் மீன் வாங்கப் போயிருக்கிறாள். மீன்காரி அடையாற்று முகத்துவாரத்தில் மேய்ந்த உள்ளான் பறவைகளைக் காட்டி, “வலசை வந்திருக்கு” என்றாளாம். அதையே எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

சொற்பட்டியலைத் தொகுத்த எங்கள் ஆசிரியருக்கு ஒரு வழக்கம். தகராறான சொல் என்றால் கீழே அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர் பாயிடம் போய், அர்த்தம் சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும். அவர் பேசுவதைச் சீட்டின் பின்புறம் எழுதி வர வேண்டும். அன்று போனது நான்.

“பருவப் பெயர்ச்சியா? இன்னாம்மா அது, சனிப் பெயர்ச்சிக்குத் தங்கச்சியா?” என்றார் பாய், எழுத்துப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரி, வலசை?”

“ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணமே வலசை போச்சே! நாங்க ஆம்பூருக்குப் போனோம். அப்பால பயம் தெளிஞ்சு அல்லாரும் திரும்பி வந்துட்டோம்.”

என் சீட்டில் ‘புரிந்துகொள்ள முயன்றார்’ என்று எழுதினேன். அவள் சீட்டில் பட்டணம் குண்டுக்குப் பயந்து போனதை எழுதினேன். திரும்பி வந்ததை எழுதவில்லை. இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிச் சீட்டு காலியாக இருந்தது.

“வலசை என்றால் பயந்து ஓடுவது. பறவை பயந்து ஓடவில்லை, திரும்பியும் வருகிறது” என்று ஆசிரியரிடம் வாதாடினேன். சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். என் சொல் பட்டியலில் ஏறியது.

“அந்த மீன்காரி ஒண்ணும் பயந்த மாதிரி தெரியலையேடி” என்றாள் அவள். அதோடு விட்டுவிட்டாள்.

அச்சுக் கோக்கச் சீட்டுகள் கீழே போயின; தள்ளுபடியான அவள் சீட்டும் என் சீட்டோடு சேர்ந்து போய்விட்டது. இரண்டு நாள் கழித்துப் பாய் புரூபோடு மாடிக்கு வந்தார். அவளுடைய ‘வலசை’ச் சீட்டையும் கையில் வைத்திருந்தார்.

“இன்னாம்மா, திரும்பி வந்தோம்னு சொன்னேனே, அத்த உட்டுட்டியே? நாங்க இன்னும் ஆம்பூர்லயே குந்திக்கினு கீறோம்னு நெனச்சியா?”

அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். “அடிப்பாவி!” என்று சிரித்தாள். பாய் இறங்கிப் போனதும் குரலைத் தணித்துக்கொண்டாள். “போகட்டும் விடு. மூணு நாள் யோசிச்சிருக்கே. உன் சொல்லே இருக்கட்டும். நான் ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சொல்லும் அவளுக்கு அகப்படுகிறது, அதை எனக்குத் தூக்கிக் கொடுக்கிற மனசும் அவளுக்கே இருக்கிறது. எனக்கு என்ன மிச்சம்?

சிவப்பு மையால் ‘பருவப் பெயர்ச்சி’யை அடித்து, மேலே ‘வலசை’ என்று எழுதினேன். அவள் தடுப்பதற்குள் ஆசிரியர் அறைக்குப் போய், எதை எழுதாமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு புரூபில் கையெழுத்திட்டார்.

நேர்மையால் செய்ததாக இருவரும் நினைத்தார்கள். அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கொண்டதாக ஒன்று இருக்கக்கூடாது என்பதற்காகச் செய்தேன். திரும்பி வந்தபோது அவள் என் தோளில் தட்டினாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.