பத்தொன்பது நாள் தண்ணீர்

காலையில் ஆறரை, மாலையில் ஆறரை. மழை கொட்டினாலும் சரி, உடம்பு அனலாய்க் கொதித்தாலும் சரி, அந்த நேரத்துக்கு ஓடைப் பாலத்தின் பக்கவாட்டில் இருக்கிற இரும்பு ஏணி டங் டங்கென்று எட்டுத் தடவை ஒலிக்கும். பாலத்தடி வீடுகளில் கடிகாரம் நின்றுபோனால் யாரும் பதறுவதில்லை. ஏணிச் சத்தம் கேட்டதும் முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். அப்படித்தான் அவளுக்கு ஆறரை அக்கா என்று பேர் விழுந்தது. எழுபது வயதுக்காரர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயசுக்காரி உங்களுக்கு எப்படி அக்கா ஆவேன் என்று ஆரம்பத்தில் கோபித்துப் பார்த்தாள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

ஏணியில் இறங்கினால் பாலத்துத் தூணில் ஓர் அளவுப் பலகை. வெள்ளைத் தகட்டில் கறுப்புக் கோடுகள், சென்டிமீட்டர் கணக்கு. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதைப் பார்த்து, வீட்டுக்கு வந்து நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்கா ஒரு ஆள் என்று கேட்பவர்களுக்கு, கீழே இருக்கிற மூன்று ஊர்கள் குடிப்பது இந்த ஓடைத் தண்ணீரைத்தான் என்பது மறந்துபோயிருக்கும். நீர்ப்பிடிப்புப் பாதுகாப்புக் குழு அவளுக்கு வருஷத்துக்கு இரண்டு நோட்டும் ஒரு டார்ச்சும் கொடுத்தது. சோற்றுக்குத் தையல் இருந்தது. பேன்டின் நீளம் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, சட்டை பிடித்தால் பக்கத்தைப் பிரித்து விடுவது. ஊரில் பாதிப் பேரின் இடுப்புச் சுற்றளவு அவளுக்கு மனப்பாடம். ஆனால் யார் வீட்டு நாற்காலியிலும் அவள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசியது கிடையாது. துணியைக் கொடுப்பார்கள், வாங்குவார்கள், போய்விடுவார்கள். மகள் எங்கோ தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கிறேன். ஒரு நாளில் அவள் இந்த உலகத்துக்குச் சொல்லுகிற உருப்படியான சேதி என்றால் அந்த இரண்டு எண்கள்தான்.

நோட்டை ஆரம்பித்தவர் அவள் வீட்டுக்காரர். நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டியவர். யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், தானாகத் தொடங்கினார். குழு பிற்பாடு வந்தது. மனுஷன் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார். கண்ணால் பார்த்த அளவென்றால் பேனா. அடுத்தவர் பார்த்துச் சொன்னதென்றால் பென்சில். எங்காவது வெளியூர் போனால் டீக்கடைக்காரர் பார்த்துச் சொல்வார், அது பென்சிலில் ஏறும். இவருக்குச் சளி காய்ச்சல் என்றால் இவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அதை மட்டும் பேனாவில் எழுதுவார்.

"நானும் அடுத்தவதானே?" என்று ஒருமுறை சீண்டினாள்.

"நீ பாத்தா நான் பாத்த மாதிரி," என்றார், நோட்டிலிருந்து தலையை எடுக்காமல். அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த பெரிய கொஞ்சல் அதுதான். அதை வைத்துக்கொண்டு அவள் பல வருஷம் ஓட்டினாள்.

அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. இப்போது எண்ணெய்க் குழாய்ப் பேச்சு வந்து நின்றது.

மலைக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் கச்சா எண்ணெய் கொண்டுபோகும் குழாய். பாலத்துக்கு நூறடி மேலே, ஓடையின் அடியில் பள்ளம் வெட்டிப் புதைப்பார்களாம். அதற்கு அனுமதி கொடுக்கலாமா என்று சமூகக் கூடத்தில் முதல் விசாரணை நடந்தபோது ஊரே திரண்டு வந்திருந்தது. கம்பெனி இன்ஜினியருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சில் அப்படி ஒரு தேன். ஓடைப் படுகைக்கு ஒன்றரை மீட்டர் கீழே புதைத்தால் போதும், அதற்கு மேல் தேவையே இல்லை என்றார்.

செருப்புத் தைப்பவர் எழுந்தார். "வெள்ளம் வந்தா அடிமண்ண அரிச்சிட்டுப் போயிடும் சார். குழாய் வெளிய வந்துடும். ஒரு வருஷம் பாலத்து மேலயே தண்ணி போச்சே."

"எந்த வருஷம் ஐயா?"

செருப்புத் தைப்பவர் பக்கத்தில் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அதற்கும் பக்கத்தில் பார்த்தார். பத்து வருஷம் என்றார் ஒருவர், பதினைந்து என்றார் இன்னொருவர். இன்ஜினியர் சிரிக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். குழு கொடுத்த நகல் கட்டையே எடுத்து மேசையில் வைத்தார்.

"இது உங்க நோட்டு. இருபத்திரண்டு வருஷத்துல ரெண்டே ரெண்டு நாள்தான் விட்டுப்போயிருக்கு. இப்படி ஒரு பதிவை நான் எங்கயும் பாத்ததில்ல. இதுல இருக்கிற அதிகபட்சம் ரெண்டு மீட்டர் நாப்பது. அதை வெச்சுத்தான் ஆழம் முடிவு பண்ணினோம்."

கூடத்தில் நாலைந்து பேர் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். பாலத்து மேல் தண்ணீர் போனது எந்த வருஷம், எந்த மாதம், எந்தக் கிழமை என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த கடைசிப் பத்தொன்பது நாள் அவள் ஓடைப் பக்கமே போகவில்லை. ஐந்து நிமிஷ வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? தண்ணீர் கேட்டு, கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டால்? அவரோ ஜன்னலோரம் படுத்துக்கொண்டு மணி ஆறரை ஆனதும், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். போகவில்லை என்று சொன்னால், என்னால் உன் வேலை கெட்டதா என்று வருத்தப்படுவார். அவள் பின்கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வருவாள். "நேத்து மாதிரிதான். எண்பத்தெட்டு." மறுநாள் எண்பத்தொன்பது. அதற்கு மறுநாள் எண்பத்தேழு. பொய்யிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வேண்டுமே. அவர் நோட்டைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து, நடுங்குகிற கையால் தானே எழுதிக்கொள்வார். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் எழுதுவதை அவளால் பார்க்க முடிந்ததில்லை.

பதினோராம் நாள் மேலே மலையில் பேய்மழை. மத்தியானம் ஊசி போட வருகிற நர்ஸ் போன் செய்தாள். "அக்கா, பாலத்து மேல முழங்கால் தண்ணி போகுது. என்னால வர முடியாது." வலியில் அவர் சாயங்காலம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நர்ஸோட வண்டி ரிப்பேராம் என்றாள். ஆறரைக்கு அவர் கேட்டார். எண்பத்தொன்பது என்றாள். அவர் எழுதினார். எட்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். அவரைப் பாலத்து வழியாகக் கொண்டுபோனபோது, கைப்பிடியின் இரண்டாவது கம்பியில் காய்ந்த புல் கொத்துக் கொத்தாய்ச் சிக்கியிருந்ததை அவள் பார்த்தாள். இரண்டு நாள் நோட்டு வெறுமையாய்க் கிடந்தது. மூன்றாம் நாள் புது நோட்டு போட்டு அவளே எழுதத் தொடங்கினாள். பழையதைப் பெட்டியில் வைத்தவள் திரும்பப் பிரிக்கவே இல்லை. நகல் எடுக்கக் குழு கேட்டபோதும் கட்டாகத்தான் கொடுத்தாள், கட்டாகத்தான் திரும்ப வாங்கினாள்.

அவர் கடைசியாக எழுதிய எழுத்து அது. அந்த எழுத்தில் இருப்பது அவளுடைய பொய். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

முதல் விசாரணை முடிந்த நாலாம் நாள், குழுவின் செயலாளரான மருந்துக்கடைக்காரர் ஒரு பேன்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன், ஆனால் மூச்சுவிடாமல் பேசுவார்.

"தம்பி, அந்த நோட்டுல ஒரு தப்பு இருந்தா என்ன ஆகும்?" என்று மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"விளையாடாதீங்க அக்கா. கோடையில எவ்வளவு தண்ணி ஓடுது, மூணு ஊர் எதை நம்பி இருக்கு, எல்லாத்துக்கும் நம்ம கையில இருக்கிறது அந்த நோட்டு ஒண்ணுதான். ஒரு எண் பொய்னு வந்துட்டாப் போதும், இருபத்திரண்டு வருஷத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க. பேன்ட் ஒரு இஞ்ச் குறைச்சாப் போதும்."

அவர் போன பிறகு அவள் அந்தப் பேன்டை இரண்டு இஞ்ச் குறைத்துவிட்டாள். அப்புறம் பிரித்துத் திரும்பத் தைத்தாள். ஒன்றரை மாதம் இப்படியே போனது. தினமும் ஏணியில் இறங்கும்போதெல்லாம் தூணைவிட்டுவிட்டு மேலே கைப்பிடிக் கம்பியைப் பார்த்தாள். சொன்னால் நோட்டு போகும். நோட்டு போனால் ஆறரை அக்கா யார்? ஜிப் மாற்றுகிற ஒருத்தி. சொல்லாவிட்டால் குழாய் ஒன்றரை மீட்டரில் கிடக்கும், என்றைக்கோ ஒரு மழையில் பிடுங்கிக்கொண்டு போகும், மூன்று ஊரும் எண்ணெயைக் குடிக்கும். கேட்டுச் சொல்ல வீட்டில் ஒரு ஜீவன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் ஆரம்பித்தாள். "அம்மா, சிக்னல் விட்டு விட்டு வருது, அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டாள்.

இரண்டாவது விசாரணைக்குப் பழைய நோட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட அம்மாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்றதும் இவள் எழுந்தாள்.

"பாலத்து மேல தண்ணி போனது உண்மை. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி. நோட்டுல எண்பத்தொன்பதுன்னு இருக்கும். அது பொய். நான் சொன்ன பொய். பத்தொன்பது நாள் நான் போகவே இல்ல. எங்க வீட்டுக்காரர் என்னை நம்பி எழுதினாரு. அவர் மேல தப்பு இல்ல."

மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணி போனதை நீங்க பாத்தீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்ல. நர்ஸ் சொன்னாங்க. ஆனா கைப்பிடியோட ரெண்டாவது கம்பியில புல் சிக்கியிருந்ததை நான் பாத்தேன். அது என் கண்ணால பாத்தது."

இன்ஜினியர் மெதுவாக எழுந்தார். "மன்னிக்கணும்மா. பத்தொன்பது நாள் பொய்னா, மத்த நாளை நாங்க எப்படி நம்பறது?" அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை.

அதிகாரி அசல் நோட்டைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏம்மா பென்சில்ல இருக்கு?"

அவளுக்குப் புரியவில்லை. மேசைக்கு அருகில் போய்ப் பார்த்தாள். நகல் கட்டில் எல்லா எண்ணும் ஒரே கறுப்பு. நோட்டில் அப்படியில்லை. அவர் படுத்த நாளுக்கு முந்தின நாள்வரை நீல மை. அடுத்த நாளிலிருந்து பத்தொன்பது வரியும் பென்சில். நடுங்கிய, வெளிறிய பென்சில்.

பேனாவுக்கும் பென்சிலுக்கும் என்ன வித்தியாசம் என்று செருப்புத் தைப்பவர்தான் எடுத்துச் சொன்னார். பெண்டாட்டி பார்த்தால் மட்டும் பேனா என்பது உட்பட, டீக்கடையில் ஊருக்கே தெரிந்த சட்டம் அது. "அப்படின்னா சந்தேகப்பட்ட நாளையெல்லாம் அவரே தனியாக் குறிச்சு வெச்சிருக்காரு," என்றார் அதிகாரி, இன்ஜினியரைப் பார்த்து. கைப்பிடிக் கம்பியின் உயரத்தை அளந்து, அதை வைத்து ஆழத்தைத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டு வரும்படி சொன்னார். மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார். யார் யாரோ அவள் தோளைத் தட்டினார்கள்.

அவள் எதையும் கேட்கவில்லை. பதினோராம் வரிக்குப் பக்கத்தில், நகலில் வராமல் விட்டுப்போன ஓரத்தில், பொடியாய் இரண்டு வரி இருந்தது.

'ஓடைச் சத்தம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது. போய்ப் பார் என்று சொல்ல மனம் வரவில்லை. அவள் பக்கத்தில் இருக்கட்டும்.'

கூட்டம் கலைந்ததும் எல்லாரும் கம்பியை அளக்கப் பாலத்துக்கு ஓடினார்கள். அவள் தனியாக வீட்டுக்கு வந்தாள். விளக்கைப் போட்டு, ஜன்னலோரக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். பாலத்தில் யாரோ ஏணியில் இறங்கினார்கள் போலிருக்கிறது. டங் டங்கென்று எட்டுச் சத்தமும் ஜன்னல் வழியாகத் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

பத்தொன்பது நாளும் அவர் இங்கேதான் படுத்திருந்தார். பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டிருக்கும். ஏணிச் சத்தம் ஒருநாள்கூடக் கேட்டிருக்காது. இது ஏன் இத்தனை வருஷமாய் அவள் மண்டையில் ஏறவே இல்லை?

"தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா?" என்றாள் கட்டிலைப் பார்த்து. அப்புறம் அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

மணி ஆறரை ஆனது. முகத்தைக் கழுவிக்கொண்டு போனாள். பாலத்தில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். இறங்கினாள், பார்த்தாள், ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"எழுபத்தொண்ணு. போய்ப் பாத்துட்டுத்தான் சொல்றேன்."

பேனாவை எடுத்து எழுதினாள்.