சிப்பின் மேல் விழுந்த பொன்னாடை

எங்கள் பக்கம் யாரையும் பாராட்டாமல் விட மாட்டார்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் பொன்னாடை, போர்வெல்லில் தண்ணீர் வந்தால் பொன்னாடை. எனக்கும் ஒன்று போட்டார்கள். என் இத்தனை வருட உழைப்பு அதோடு போயிற்று.

நான் அன்னூர் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். கண்மூடித் திறப்பதற்குள் கோடி முறை மாறிவிடும் மின்காந்தப் புலத்தை ஒற்றை எலெக்ட்ரானைக் கொண்டு அறிவது என் ஆராய்ச்சி. கோவை உக்கடத்தில் மழையா என்று தெரிய, ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாக அந்த வழியே அனுப்பி, நனைந்து வருகிறதா காய்ந்து வருகிறதா என்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதேதான். எலெக்ட்ரானை ஒவ்வொன்றாக அனுப்புகிறோம்; அது வழியில் வைத்த தடுப்பைத் தாண்டியதா, திரும்பியதா என்பதை வைத்து, அந்தக் கணத்தில் புலம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். ஒன்றுமே இல்லாத வெளியிலும் புலம் நடுங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நடுக்கத்தையும் பிடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கான சிப் நகத்தைவிடச் சிறியது. வெளிநாட்டு நண்பர்கள் செய்து அனுப்பிய அந்த ஒன்றுதான் கையில் இருந்தது. கடுங்குளிரில் வைத்து அதை அளக்கும் இயந்திரம் பெங்களூரில் இருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி அதில் இடம் வாங்கியிருந்தேன். மறுநாள் ரயில். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் எர்த் பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு சிப்பை அதன் தாங்கியில் பொருத்திக்கொண்டிருந்தபோது ஆய்வகக் கதவு திறந்தது. நான் பெங்களூர் போவதைப் பாராட்ட வந்த கல்லூரித் தாளாளர், கையில் பொன்னாடை, பின்னால் போட்டோக்காரர்.

"ஐயா, வராண்டாவுல வச்சுக்கலாமுங்க. துணியில இருக்கற கரண்டு பட்டாலே இது செத்துப்போயிருமுங்க," என்றேன்.

"ஏனுங்க அம்மணி, ஒரு நிமிச வேலைங்க. சிப்பும் போட்டோவுல தெரியோணுமில்லீங்க?"

செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவரிடம் எப்படிக் கத்துவது? பிளாஸ்டிக் உறையிலிருந்து அவர் பொன்னாடையை உருவியதும் சடசடவென்று சத்தம் கேட்டது. அது என் தோளில் விழுந்து, வழுக்கி, நுனி நேராகச் சிப்பின் மேல் போய் உட்கார்ந்தது.

"மேடம், கொஞ்சம் சிரிங்க," என்றார் போட்டோக்காரர்.

அவர்கள் போனதும் சோதித்தேன். கசியவே கூடாத இடத்தில் மின்சாரம் கசிந்தது. ஒரே ஒரு எலெக்ட்ரானுக்காகப் போட்ட பாதையில் மூட்டை மூட்டையாகக் கொட்டிவிட்டார்கள். ஆத்திரத்தில் அழுகை வந்தது. தாளாளர் குடும்பம் பரம்பரையாக நூல்மில் நடத்துகிறது, பருத்தி நூல். அவர் வாங்கி வந்தது, உரசினாலே மின்சாரம் ஏறும் பாலியஸ்டர்!

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். போன வாரம் அதன் கீழேயே தாளாளர் என்னை நிறுத்தினார்.

"அடுத்த சிப்பு எப்பங்க வருது? சொல்லுங்க, பாராட்டு விழாவ இன்னும் பெருசா பண்ணிப்போடலாம்."

"அப்ப பருத்தித் துண்டா போடுங்க ஐயா. நம்ம மில்லு நூலுதான் இருக்குதுங்களே."

அவர் முகம் வாடிவிட்டது. "உங்களுக்குப் போயி துண்டு போட்டா மரியாதையா இருக்குமுங்களா அம்மணி?"

புதுச் சிப் தகரப் பெட்டிக்குள், என் தோள்பையில் இருந்தது. பெங்களூர் ரயிலுக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் வரலீங்க ஐயா," என்றேன்.