பங்கு இல்லை என்று சொன்ன கிளாக்கர் ஐயா

கிளாக்கர் ஐயா போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலையில் பால்காரன்தான் வந்து சொன்னான். நான் நம்பவில்லை. முந்தின வாரம்தான் மார்க்கெட்டில் என்னோடு வெண்டைக்காய் விலைக்குச் சண்டை பிடித்தவர்.

கண்டி கோர்ட்டுக்குப் போய்வந்த உங்களுக்கெல்லாம் பொன்னையா கிளாக்கரைத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்து ஆள். பிரக்கிராசி கந்தோரில், அதாவது வக்கீல் ஆபீசில், இருபது வருஷம் குமாஸ்தாவாக எழுதியவர். என்னைப்போல் மூன்றாம் வகுப்போடு நின்றவர்களுக்குக் கோர்ட்டுக் கடிதத்தை வாசித்துச் சொல்லுவார். அதற்கு ஒரு வெற்றிலைகூட வாங்கமாட்டார். வாய் மட்டும் சுடும்.

என் வீட்டுக்காரர், தெல்தெனிய ரோட்டில் பஸ் விட்ட கம்பெனியில் இருபது பங்கு வாங்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பிறகு மானேஜர் கம்பெனிக் காசைச் சுருட்டிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. பயந்துபோய், கிடைத்த விலைக்கு அரிசிக்கடை முதலாளியிடம் பங்கைத் தள்ளிவிட்டேன். "பொம்பளைக்கு எதுக்கு பஸ்ஸு?" என்று சிரித்தபடி வாங்கினார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, கம்பெனி அந்த மானேஜர்மேல் போட்ட வழக்கு ஜெயித்தது. வந்த காசைப் பங்குக்காரர்களுக்குப் பிரிக்கிறார்கள் என்றார்கள். தை மாதம் என் சின்ன மகளுக்குக் கல்யாணம். வீட்டில் இருந்தது என் கையில் கிடந்த நாலு வளையல்தான். கிளாக்கர் ஐயாவிடம் கேட்கக் கந்தோருக்கு ஓடினேன்.

"பங்கை வித்தாச்செண்டா வழக்கும் அதோட போயிட்டுது, அக்கா. உங்களுக்கு ஒண்டும் வராது."

"திருட்டுப் போனப்ப பங்கு என் பேர்லதானே இருந்துச்சு? அடி வாங்கினது நான், மருந்து முதலாளிக்கா?"

"களவு போனது கொம்பனியின்ர காசு. வழக்குப் போட்டதும் கொம்பனி. நியாயம் உங்களிட்ட இருக்கு, காசு பங்குப் புத்தகத்தில பேர் இருக்கிறவரிட்ட போகும்."

இவர் முதலாளியிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கோர்ட் வாசலில் நின்ற தரகன் ஒருவன், "அம்மா, அம்பது ரூபா வைங்க, கேஸ் போட்டு உங்க பங்கை வாங்கித் தாறேன்" என்றான். வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக்கடைக்கு நடந்தேன். யார் சொன்னார்களோ, கிளாக்கர் ஐயா மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார்.

"நில்லுங்கோ அக்கா! அவன் உங்கட வளையலைத் திண்டுபோடுவான்."

"நீங்க முதலாளி ஆளு. என் வயித்தெரிச்சல் உங்களுக்கு எங்க தெரியும்?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"நீங்கள் வித்த அதே கிழமை நானும் என்ர பத்துப் பங்கை அவருக்குத்தான் வித்தனான். கிடைக்குமெண்டா, நான் சும்மா இருப்பனே?"

நடுரோட்டில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்கே சட்டம் சொல்ற நீங்களா?"

"ஓம், நான்தான். மனுசிக்குத் தெரியாது. பங்குக் கடுதாசி அலுமாரிக்குள்ள கிடக்கெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

வளையல்களோடு வீட்டுக்குத் திரும்பினேன். அவற்றை விற்றுத்தான் மகள் கல்யாணத்தை முடித்தேன். அந்தத் தரகன் ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கங்காணி ஒருவரின் காசை வாங்கிக்கொண்டு அடுத்த மாதமே காணாமல் போனான். அவன் முகமும் எனக்கு மறக்கவில்லை.

செத்தவீட்டில் ஐயாவின் மனைவி என் கையைப் பிடித்து அழுதபோது, இத்தனை வருஷம் காத்த வாய் நிற்கவில்லை, பங்கு விற்ற கதையைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் அக்கா. அலுமாரித் திறப்புக் கொத்து என்ர இடுப்பிலதானே கிடக்கு. கேட்டா மனுசன்ர முகம் வாடிப்போகுமெண்டு கேக்கேல்லை."

கிளாக்கர் ஐயாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. லாபம் வரும் என்று எவர் காகிதத்தை நீட்டினாலும், "இதில உங்க காசு எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறேன். பாதிப் பேர் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள்.