ஜெக்கரியா பாயும் ஒரு கைப்பிடிச் சோறும்

அதிராம்பட்டினம் ஏலக்கூடத்தில் ஜெக்கரியா பாய் செவுளைத் தூக்கிப் பார்த்து 'பழசு' என்றுவிட்டால், அந்த மீனை அப்புறம் பூனைகூட யோசித்துத்தான் தொடும். அப்பேர்ப்பட்டவருக்குப் போன மாசியில் கண் மஞ்சளித்தபோது ஊர் சும்மா இருக்குமா? பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, டீயையும் குடித்துவிட்டுப் போனார்கள். தன் தொழிலைத் தன்மேலேயே காட்டுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம்.

வராத ஆள் ஒருவர்தான். தியாகு. அவரும் அங்கே ஏலம் கூவுகிறவர். கூடத்தின் கூரை முக்கால்வாசி பிய்ந்துபோய், தூணோரம் மட்டும் கொஞ்சம் நிழல் உண்டு. அந்த நிழலில் யார் நிற்பது என்று ஆரம்பித்த சண்டையில் இருவரும் பேச்சை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது. ஜெயித்தது ஜெக்கரியா. தியாகு வெயிலில் நின்றே கறுத்தார்.

வீட்டில் ரஹ்மத் பீவிக்கு ரத்தப் பரிசோதனையில் நம்பிக்கை கிடையாது. தினமும் காலையில் கொட்டாங்கச்சியில் கணவரின் சிறுநீரைப் பிடித்து, அதில் நாலு பருக்கைச் சோற்றைப் போட்டு வைப்பார். சோறு மஞ்சளானால் காமாலை இருக்கிறது, வெளுப்பாகவே இருந்தால் இறங்கிவிட்டது. நம் பக்கத்தில் பல வீடுகளுக்கு இதுதான் லேப்.

"புழுங்கலரிசிய போடாத ரஹ்மத்து. அது முன்னாடியே மங்கலாத்தான் இருக்கும். பச்சரிசி போடு" என்று ஜெக்கரியா திருத்தம் சொல்வார். தரம் பார்ப்பதில் விட்டுக்கொடுக்கிற மனிதரில்லை.

தஞ்சாவூரில் டாக்டர் கனகா பித்தக்குழாயில் சிறு குழாய் ஒன்றை வைத்து அடைப்பை விலக்கிய பிறகு, சோறு நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தது. ரஹ்மத் பீவி நிம்மதியானார். டாக்டர்தான் ஆகவில்லை.

"குழாய் ஒரு எடத்துல சுருங்கியிருக்கு பாய். பழைய புண்ணால சுருங்கியிருக்கலாம். கேன்சராவும் இருக்கலாம். போன தடவ சுரண்டி எடுத்ததுல ஒண்ணும் தெளிவா தெரியல."

ஜெக்கரியா அந்த வார்த்தையைத் தன் வாயால் சொன்னதே இல்லை. 'அந்தச் சரக்கு' என்பார். அவ்வளவு பயம்.

"இந்தத் தடவ எண்டோஸ்கோப் வழியா நூல் மாதிரி ஒண்ணு உள்ள போகும். அது நுனியில மைக்ராஸ்கோப் இருக்கு. செல்லெல்லாம் எப்படி இருக்குன்னு அப்பவே ஸ்க்ரீன்ல பாத்துடலாம். பாத்துட்டு, சந்தேகமான எடத்துல துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்புவோம்."

"அதாவது, செவுளத் தூக்கிப் பாக்குறீங்க."

"அப்படித்தான் வச்சுக்குங்களேன்."

"அப்ப நானும் பாக்கணும்."

"உங்களுக்கு மயக்கம் குடுத்திருப்போம்."

"சரக்குக்காரன் இல்லாம ஏலமா?" என்று முனகிக்கொண்டே சம்மதித்தார்.

செல்கள் தெளிவாகத் தெரிய நரம்பில் ஒரு சாயம் ஏற்றுவார்கள். தோலும் சிறுநீரும் ஒரு நாள் வரைக்கும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் கனகா, ஜெக்கரியாவின் மருமகன் அப்சரிடம் விளக்கமாகச் சொன்னார். அப்சரும் விளக்கமாகத் தலையாட்டினான். இயர்போன் வழியே அவன் காதுக்குள் ஷார்ஜாக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்ததை டாக்டர் கவனிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, சாயங்காலம் ஜெக்கரியா எழுந்து உட்கார்ந்ததும் ரஹ்மத் பீவி பையிலிருந்து ஒரு கைப்பிடிச் சோற்றை எடுத்தார். ஆஸ்பத்திரியில் கொட்டாங்கச்சிக்கு எங்கே போவது? ஒரு ஐஸ்கிரீம் கப்பில் சோதனை நடந்தது. சோறு மஞ்சளாகவில்லை. அதையும் தாண்டி, போக்குவரத்துப் போலீஸ் போடுகிற, ராத்திரியில் ஒளிரும் மேல்சட்டை நிறத்துக்குப் போய்விட்டது. ரஹ்மத் பீவி அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஜெக்கரியா எட்டிப் பார்த்தார்.

"பச்சரிசியா?"

"பச்சரிசிதாங்க."

"அப்ப முடிஞ்சுது."

முடிந்ததென்று ஆனபின் செய்யவேண்டியதைச் செய்ய ஆரம்பித்தார். பத்தியத்தில் இருந்தபோது கடைத்தெருவில் ஒளிந்து சங்கரா மீன் பொரிச்சது தின்றதை மனைவியிடம் ஒப்புக்கொண்டார்.

"தெரியும். தாடியில மசாலா இருந்துச்சு" என்று ரஹ்மத் பீவி அழுதார்.

அப்புறம் போனை எடுத்து, அத்தனை வருஷம் கூப்பிடாத ஆளைக் கூப்பிட்டார்.

"தியாகு, நான் ஜெக்கரியா. மனசு நோக ஏதும் பேசியிருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிடு. அந்தத் தூணோர எடம் இனிமே ஒனக்குத்தான்."



"எந்த ஆஸ்பத்திரி?" என்று மட்டும் தியாகு கேட்டார்.

அழுகை கேட்டு வந்த டாக்டர் கனகா கப்பைப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இது நாங்க ஏத்தின சாயம்மா. எனக்கு ஏத்தியிருந்தாலும் சோறு இதே கலர்தான் வரும். அப்சர் சொல்லலையா?"

"ஆமா மாமா, டாக்டர் என்னமோ சொன்னாங்க" என்றான் அப்சர். நேற்றைய மத்தி மீனைப் பார்க்கிற மாமனாரின் பார்வை ஒன்று அவன்மேல் விழுந்தது.

"உள்ள என்ன பாத்தீங்க டாக்டரம்மா?" என்று கேட்டார் ஜெக்கரியா.

"புண் ஆறின தழும்பு மாதிரி தெரியுது. கேன்சர் மாதிரி தெரியல. ஆனா மாதிரின்னுதான் சொல்றேன். சதை ரிப்போர்ட் வரட்டும்."

ரிப்போர்ட் வரும்வரை ஜெக்கரியா செத்துச் செத்துப் பிழைத்தார். பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து இளநீரோடு வந்து இறங்கிய தியாகு, கட்டிலோரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். கடைசியில் ரிப்போர்ட்டும் வந்தது. அந்தச் சரக்கு இல்லை. மாத்திரை போதும், விடாமல் வந்து காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள்.

உடம்பு தேறி ஏலக்கூடத்துக்குப் போனால், தூணோர நிழலில் தியாகு சட்டமாக நின்றிருந்தார்.

"எடத்த விடு தியாகு."

"இது சாகப்போற பாய் குடுத்த எடம். அவரு வந்து கேக்கட்டும், தர்றேன்."

கூடமே சிரித்தது. வாய்விட்டுக் கெட்டோமே என்று ஜெக்கரியா வெயிலில் போய் நின்றார். நொந்துகொண்டாலும் அந்த வெயில் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

முதல் பெட்டி வந்து இறங்கியது. தியாகு பெட்டியைப் பார்க்கவில்லை. நிழலைவிட்டு வெயிலுக்கு வந்து, ஜெக்கரியாவின் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, இந்தக் கண்ணையும் அந்தக் கண்ணையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"புதுசு" என்றார்.

ஜெக்கரியா ஏலம் கூவ வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அன்றைக்கு அவருடைய பெட்டியையும் தியாகுதான் கூவினார்.