சாய்ந்த திமில்

என் நாற்பது வருட நகைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கி, போன மாதம் தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். நடுப்பெட்டியில் காளைப் பதக்கம். என்னை ஊருக்குத் தெரியவைத்ததே அதுதான். "திமிலு தலைப் பக்கமாச் சாஞ்சு நிக்குதே, இது எப்படிண்ணே தோணுச்சு?" என்று ஒருவர் கேட்டார். "ஒருநாள் தானா வந்துச்சு" என்றேன், கூசாமல். கைதட்டினார்கள்.

தட்டியவர்களில் என் பழைய கூட்டாளி அவனும் இருந்தான். பின்வரிசையில், அழைப்பிதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.

நகைப் பட்டறைக்குப் போவதற்கு முன் நானும் அவனும் சுவரில் படம் எழுதியவர்கள். பொங்கல் நெருங்கினால் ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாக அவனியாபுரத்தில் திரிவோம். ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவர்கள் வீட்டுச் சுவரில் அவரவர் காளையை எழுதித் தர வேண்டும். நான் எழுதினால் அது மாடு, அவ்வளவுதான். அவன் எழுதினால் மாட்டுக்காரரே ஓரடி தள்ளி நிற்பார். அவனுக்கு இடது கைப் பழக்கம். வலது கையால் ஏணியைப் பிடித்தபடி இடது கையால் எட்டிக் கோட்டை இழுக்கும்போது திமில் தலைப் பக்கம் சாய்ந்துவிடும். "கோணலா இருக்கேப்பா" என்றார் ஒருவர். "பாயப் போற மாடு அப்படித்தாண்ணே இருக்கும்" என்று சமாளித்தான். அடுத்த வருடம் எல்லாரும் அந்தக் கோணலையே கேட்டார்கள்.

மாமாவின் நகைப் பட்டறையில் நான் சேர்ந்த பிறகு, ஒரு மாட்டுக்காரர் சங்கிலியில் கோக்கக் காளைப் பதக்கம் கேட்டார். ஒரு வாரம் வரைந்து பார்த்தேன். எல்லாம் பசுவாகவே வந்து நின்றன. டீக்கடையில் அவனைப் பிடித்து, "சின்னதா ஒண்ணு போட்டுக் குடு மாப்ள" என்று நோட்டை நீட்டினேன். எதற்கென்று அவன் கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்தான். அதைக் கோட்டுக்குக் கோடு பார்த்து அச்சு வெட்டி, பின்புறம் என் முத்திரையைக் குத்தினேன். அது திருட்டு என்று அப்போது தோன்றவில்லை என எழுத ஆசைதான். தோன்றியது. தெரிந்தே செய்தேன்.

விழா முடிந்ததும் அவன் வந்து, "நல்லாப் பேசுன மாப்ள" என்று கையைப் பிடித்தான். அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குத்தல் இல்லை.

மூன்றாம் நாள் காலை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவன் கடைக்குப் போனேன். வண்டிகளுக்கு நம்பர் எழுதுகிறான், ஷேர் ஆட்டோக்களுக்குப் படம் போடுகிறான். அப்போது ஓர் ஆட்டோவின் பின்புறம் காளை எழுதிக்கொண்டிருந்தான். திமில் நேராக, சாதுவாக நின்றது. எவன் வேண்டுமானாலும் எழுதக்கூடிய மாடு.

"என்ன மாப்ள, நேரா எழுதுற?"

"சாச்சு எழுதுனா நகைக்கடைக்காரரு மாடு மாதிரி இருக்குங்கிறாய்ங்க. அவர்ட்டருந்து சுட்டியான்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேராவே கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொல்லிப்புட்டேன். பெரிய ஆளா வந்துட்ட. உம் பேரு எதுக்குக் கெடணும்?"

எத்தனை வருடமாக இப்படி எழுதுகிறான் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் திருட்டை அவன் தன் தலையில் போட்டுக்கொண்டு, தன் கைவாகையும் மாற்றிக்கொண்டிருக்கிறான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் ஆட்டோக்காரர் வந்தார். என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். விட்டால் பிறகு வாய் வராது என்று, "அண்ணே, அந்தப் பதக்கத்துக் காளை இவனோடது. நான்தான் இவன்ட்டருந்து திருடுனேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இம்புட்டு உசரத்துக்குப் போயும் கூட்டாளிய விட்டுக்குடுக்காமப் பேசுறீகளே. பெரிய மனசுண்ணே ஒங்களுக்கு."

அவனும் ஆமாம் என்று தலையாட்டினான்.