எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

"துணிக்குப் பின்னாடி இருந்துதான் குடுத்தாங்கண்ணே."

"அங்கிருந்து குடுக்க முடியாது."

"கை பட்டுச்சு. ஈரமா இருந்துச்சு. மூணு தடவை வாங்கியிருக்கேன்."

"முடியாதுங்கறேன், கெஸியா."

இந்தப் பேச்சு நடந்தபோது மாலை மணி ஐந்து நாற்பது. இடம், அரவேணுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் இருக்கும் பழைய பேண்ட் மேடை. முடியாது என்று சொன்னவர் மைக் செட் மோசஸ். ஏன் முடியாது என்று அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

இது இட்டுக்கட்டியது இல்லை. அந்தச் சீட்டுகளில் இரண்டு இப்போதும் கெஸியாவிடம் இருக்கின்றன. குன்னூரில் அவள் வீட்டு அலமாரியில், பாதியில் நிறுத்திய ஒரு தடித்த ரஷ்ய நாவலின் மொழிபெயர்ப்புக்குள். கேட்டால் எடுத்துக் காட்டுவாள். கையில் மட்டும் தர மாட்டாள். விழா முடிந்து மாதக்கணக்கு ஆகிறது. காகிதம் இன்னும் முழுதாகக் காயவில்லை...

அந்த மேடையை வெள்ளைக்காரத் துரைமார் கட்டினார்கள். கோடையில் மலைக்கு வந்து, ஞாயிறு மாலைகளில் நாற்காலி போட்டுப் பேண்ட் கேட்பதற்காக. துரைமார் போய்விட்டார்கள். மேடையும் கோடையும் தங்கிவிட்டன. இப்போது ஒவ்வொரு மே மாதமும் அங்கே கோடை விழா நடக்கிறது. சர்ச் பாட்டுக் குழு, பள்ளிப் பிள்ளைகளின் நடனம், படுகர் ஆட்டம், கடைசியில் எஸ்டேட் ஆட்கள் போடும் நாடகம். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் மக்காச்சோளம் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

கெஸியாவுக்கு வயது இருபத்திரண்டு. மைக் முன் நிற்பது அதுதான் முதல் தடவை. அதற்கு முன் இரண்டு வருடம் அறிவிப்பு செய்த ஜூடித் அக்கா இந்த முறை வரமாட்டேன் என்றுவிட்டாள். காரணம் கேட்டதற்கு, உடம்பு சரியில்லை என்றாள். விழாக் குழுச் செயலாளர் விஜயபாஸ்கர் கெஸியாவைக் கூப்பிட்டார். நன்றாகச் செய்தால் அடுத்த வருடமும் அவளுக்குத்தான் என்றார். மாலை வேளைகளில் வீட்டுக்குள் புத்தகமும் கையுமாக அடைந்து கிடந்தவளுக்கு அது பெரிய வாய்ப்பு. ஒரே ஒரு கண்டிப்பு. சிறப்பு விருந்தினர் பேசும்போது நடுவில் எந்த அறிவிப்பும் கூடாது.

மேடையின் இடது மூலையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கடிகாரம். முதுகுக்குப் பின்னால், மேடையின் அகலம் முழுக்க, விளம்பரம் அச்சடித்த பெரிய துணி. இரண்டு துண்டுகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சேரும் இடத்தில், அவள் முதுகுக்கு நேராக, ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. அது வழியாகக் குளிர் வந்துகொண்டே இருந்தது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மூன்று இருபதுக்கு அவள் வாசித்த முதல் அறிவிப்பே, நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவரின் ஒட்டு மீசை காணவில்லை என்பது. கண்டெடுத்தவர்கள் மேடைக்கு அருகில் ஒப்படைக்கவும். கூட்டம் சிரித்தது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மோசஸ், "மீசை இல்லாத ராஜாவுக்கு எவன் கண்ணு கப்பம் கட்டுவான்?" என்றார். மீசை பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. மோசஸ் ஒரு ஒயர் வாங்க பைக்கில் அரவேணுக்குக் கிளம்பிப் போனார்.

மூன்று ஐம்பது. பாட்டுக் குழு இரண்டாவது பாட்டைத் தொடங்கியிருந்தது.

"ஏனுங்க..."

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். மெதுவாக, தொந்தரவு பண்ணுகிறோமோ என்ற தயக்கத்தோடு.

கெஸியா பாதி திரும்பினாள். துணி இடைவெளியில் ஒரு கை நீண்டிருந்தது. கொழுந்து பறிக்கிறவர்களின் கை. விரல் நுனிகள் கறை ஏறிக் கறுத்திருந்தன. பழுப்பு ஸ்வெட்டரின் கை விரல் முட்டி வரை இழுத்துவிடப்பட்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அன்று முழுக்க மழையே இல்லை.

சீட்டை வாங்கும்போது விரல்கள் பட்டன. ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்த மாதிரி ஒரு சில்லிப்பு. மலைக்குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

பென்சிலில், கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. உமாராணி. வயசு 5. பச்சை ஸ்வெட்டர். காணோம்.

விழா நோட்டீஸைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதியிருந்தார்கள். ஆனால் இந்த வருட நோட்டீஸ் சிவப்பு எழுத்தில் அடித்தது. இது நீலம். பழைய காகிதம் எதிலோ எழுதியிருக்கிறாள் என்று விட்டுவிட்டாள்.

பாட்டு முடிந்த கையோடு வாசித்தாள். குழந்தை உமாராணி எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும், உங்கள் அம்மா இங்கே காத்திருக்கிறார். இரண்டு தடவை சொன்னாள். முன்வரிசையில் இருந்த சுற்றுலாக்காரர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி கொறிக்கத் தொடங்கினார்கள். யாரும் வரவில்லை.

அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பினாள்.

இடைவெளியில் பனிமூட்டம் மட்டும் இருந்தது.

நான்கு முப்பத்து மூன்றுக்கு மறுபடியும் அதே குரல். அதே கை. இந்தச் சீட்டு இன்னும் ஈரமாக இருந்தது. எழுத்து அவசரத்தில் சாய்ந்திருந்தது. பேரும் வயதும் ஸ்வெட்டரும் அதேதான். கீழே ஒரு வரி கூடியிருந்தது. பனி எறங்குது.

கெஸியா மைக்கை எடுத்தபோது விஜயபாஸ்கர் மேடை ஏறினார். என்ன சீட்டு என்று கேட்டு வாங்கினார். படித்தார். அவருடைய முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. வேர்வைதான் தெரிந்தது, அந்தக் குளிரில். சீட்டை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரோ வெளையாடறாங்க. இதை வாசிக்க வேண்டாம்மா."

"குழந்தையைக் காணோமாம் சார்."

"நான் பாத்துக்கறேன்."

அவர் எதையும் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் மாலையோடு நின்றார்.

நான்கே முக்காலுக்கு மோசஸ் திரும்பி வந்தார். அதே நேரம் எஸ்டேட் லாரியும் வந்தது. கொழுந்து எடை போட்டு முடித்த பெண்கள், பிள்ளைகளோடு இறங்கினார்கள். குழுவின் ஆட்கள் சின்னப் பிள்ளைகளை மட்டும் பிரித்து, மேடைக்கு முன்னால் ஜமக்காளத்தில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு காகிதக் கொடி கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் வரும்போது ஆட்ட வேண்டும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

ஐந்து மணிக்கு அவர் பேசத் தொடங்கினார். இந்த மலையைத் தன் தாய் மடி என்றார். கைதட்டல்.

பனி மைதானத்துக்குள் இறங்கியது. முதலில் ஐஸ்கிரீம் வண்டி மறைந்தது. பிறகு லாரி. பிறகு பின்வரிசை.

ஐந்து ஏழு.

"ஏனுங்க..."

கெஸியா திரும்புவதற்குள் கை மேசை வரை நீண்டிருந்தது. சீட்டைக் கடிகாரத்தின் பக்கத்தில் வைத்தது. உமாராணி. வயசு 5. பச்சை ஸ்வெட்டர். அம்மா மருதாயி. வாசிங்க.

விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். விஜயபாஸ்கர் கீழே இருந்து கெஸியாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. ஜமக்காளத்தின் முதல் வரிசையில், கையில் கொடியோடு, பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு சிறுமி.

அப்பாடா என்றிருந்தது கெஸியாவுக்கு. பிள்ளை தொலையவே இல்லை. பத்தடி தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. இதற்காகப் பேச்சை வெட்டி, பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்ததும் தானே கூட்டிக்கொண்டு போய் அந்த அம்மாவின் கையில் ஒப்படைத்துவிடலாம். அவள் சீட்டின் மேல் கடிகாரத்தைத் தூக்கி வைத்தாள். மைக் பக்கத்தில் இருந்ததால் கிசுகிசுத்தாள்.

"பேச்சு முடியட்டுங்க."

கை அசையவில்லை. மேசை மேலேயே கிடந்தது. அதன் கீழே தண்ணீர் பரவியது.

பிறகு மெல்லப் பின்வாங்கியது... விரல் விரலாக.

துணிக்குப் பின்னால் கூழாங்கல் உருளும் சத்தம். ஒன்று. இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு நிறைய.

பிறகு ஒன்றுமில்லை.

கடிகாரத்தில் ஐந்து பதினொன்று. கீழே கைதட்டல்.

ஐந்து இருபத்து நான்குக்குப் பேச்சு முடிந்தது. கெஸியா படி இறங்கி ஓடினாள். சிறுமியின் முன்னால் குந்தினாள். அருகில் பார்த்தபோது ஸ்வெட்டர் சின்னதாகிவிட்டிருந்தது தெரிந்தது. அதன் கைகள் மணிக்கட்டுக்கு மேலேயே நின்றன.

"உம் பேரு உமாராணியா, கண்ணு?"

சிறுமி தலையாட்டினாள்.

"அஞ்சு வயசா?"

இல்லை என்று ஆறு விரல்களைக் காட்டினாள்.

"அம்மா மேடைக்குப் பின்னாடி உன்னைத் தேடிட்டு இருக்காங்க. வா, போலாம்."

சிறுமி எழுந்திருக்கவில்லை. பலபேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"எங்கம்மா செத்துப் போச்சு."

கெஸியா மேடைக்குத் திரும்பி முதல் சீட்டை மறுபடி எடுத்துப் படித்தாள். அதற்குப் பிறகுதான் மோசஸிடம் போனாள். அப்போதுதான் தொடக்கத்தில் சொன்ன அந்தப் பேச்சு.

முடியாது என்று இரண்டாவது முறை சொன்ன மோசஸ், டார்ச்சை எடுத்தார். துணியின் ஓரத்தை விலக்கி வெளிச்சத்தைக் கீழே அடித்தார்.

துணிக்குப் பின்னால் தரை இல்லை.

மேடையின் கல்கட்டு அங்கேயே முடிந்திருந்தது. அதற்குக் கீழே பதினைந்தடிப் பள்ளம். அடியில் பாறையும் உண்ணிச்செடியும் பனியும்.

மோசஸ் அவளைப் பார்க்காமல் சொன்னார். போன வருடம் இங்கே ஒரு அடி அகலத்துக்குக் கரை இருந்தது. போன வருடமும் பிள்ளைகளை இப்படித்தான் ஜமக்காளத்துக்குப் பிரித்துக்கொண்டு போனார்கள். தாய்களிடம் சொல்லவில்லை. மருதாயி பிள்ளையைக் காணாமல் மைதானமெல்லாம் சுற்றிவிட்டு, நோட்டீஸில் எழுதிச் சீட்டுக் கொண்டுவந்தாள். செயலாளர் வாங்கி ஜூடித்திடம் கொடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்றார் செயலாளர். முன்படியில் ஏறவிடவில்லை. அதனால் அவள் கரை மேல் நடந்து, பின்பக்கமாக அறிவிப்பு மேசைக்கு வந்திருக்கிறாள்.

"நான் கேட்டேன் கெஸியா. மைக்குல விழுந்துச்சு. ஏனுங்க, ஏனுங்கன்னு. பேச்சுக்கு இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் அந்த மைக்கைக் கொறச்சேன்."

கரை அவளோடு சேர்ந்து இடிந்தது. யாருக்கும் கேட்கவில்லை. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள். குடித்திருந்தாள் என்று குழுவில் எழுதிக்கொண்டார்கள். இந்த வருடம் பள்ளம் தெரியாதபடி துணியை இன்னும் பெரிதாகக் கட்டச் சொன்னார்கள்.

போன வருடப் பேச்சின் பதிவு இன்னும் தன்னிடம் இருப்பதாக மோசஸ் சொன்னார். ஐந்து மணிக்குத் தொடங்கியது. பதினோராவது நிமிடத்தில், கைதட்டலுக்கு அடியில், கல் உருளும் சத்தம் கேட்கும். அதற்கும் மூன்று நிமிடம் முன்னால் பேச்சு ஒருமுறை நிற்கும். ஒரு அறிவிப்புக்காக.

"யாரோ பெரிய மனுஷன் கார் வழியில நிக்குதுன்னு. அதுக்கு மட்டும் நடுவுல மைக் குடுத்தாங்க."

கெஸியா மேசையைப் பார்த்தாள். கடிகாரத்துக்கு அடியில் அவள் வைத்த சீட்டு. பேச்சு முடியட்டுங்க. போன வருடம் செயலாளர் சொன்ன அதே வார்த்தை, இன்று அவள் வாயால்.

மணி ஐந்து ஐம்பத்தைந்து. நாடகக்காரர்கள் எதிர் மூலையில் மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா..."

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

உமாராணி. படியேறி வந்து நின்றிருந்தாள். கையில் காகிதக் கொடி. யாரும் அவளைத் தடுக்கவில்லை. விருந்தினர் போய்விட்டிருந்தார்.

"அம்மா பின்னாடி இருக்குன்னு சொன்னீங்கல்ல?"



காற்று இல்லை. துணி மட்டும் ஆடியது. சேரும் இடத்தில், இடைவெளி கொஞ்சம் அகன்றது.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோசஸின் கை பொத்தான் மேல் நின்றது.

சிறுமி மைக்கைக் காட்டினாள்.

"எங்கிருந்தாலும் வரச் சொல்லி... கூப்பிடுங்கக்கா."